வெள்ளம் வந்துட்டு

பன்னிரண்டு நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வானம் மட்டும் மூன்று நாளாக ஓயாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. நொய்யல் ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது, சாயநுரை பாலத்து உயரத்துக்குப் பொங்கி நிற்கிறது என்று காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அது போகிற தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்கு, கம்பெனி இருந்த நல்லூர் ஜனங்கள் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார்கள். எங்கேயோ பெரிய குழாய் மழையில் பெயர்ந்துவிட்டதாம். எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள்.

விஜயராணி டைம் ஆபீசில் உட்கார்ந்து வருகைக் கார்டுகளை நம்பர்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கைதான் கார்டில் இருந்தது, காது முழுக்க மேஜை ஓரத்து இன்டர்காமில் இருந்தது. பனியன் கம்பெனிக்குப் பின்னால் முப்பது வீட்டுக் குவார்ட்டர்ஸ். அத்தனை பேருக்கும் ஒரே குழாய். தண்ணீர் வந்தால் வாட்ச்மேன் நல்லான் இன்டர்காமில் கூப்பிடுவார். இவள் மைக்கில் சொல்லுவாள். வீட்டுக்கு ஒருத்தி மெஷினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய், பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டு வந்துவிட வேண்டும். அதற்கென்று மேனேஜர் கந்தவேல் ஒரு வாசகம் எழுதி மைக்குக்கு மேலே ஒட்டியிருந்தார்: 'குவார்ட்டர்ஸ் பெண்கள் கவனத்திற்கு. குழாயில் தண்ணீர் வருகிறது. வீட்டுக்கு ஒருவர் மட்டும் செல்லவும்.'

மைக் வேலை அவளுக்குக் குரலால் கிடைத்தது. குளச்சலில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வேத வாசகம் வாசித்த குரல். போன டிசம்பரில் கடல் கேறி வந்து புருஷன் அந்தோணிராஜின் வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு போனபின், மகளைக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் திருப்பூருக்கு ரயிலேறினார்கள். அவனுக்குக் கட்டிங்கில் துணி விரிக்கிற வேலை. இவளுக்கு முதலில் செக்கிங். வந்த முதல் வாரம் விக்கல் எடுத்து, "அக்கா, குடிக்க இத்திரி வெள்ளம் தாங்க," என்று இவள் கேட்க, செக்கிங் டேபிளே விழுந்து விழுந்து சிரித்தது. உசிலம்பட்டி ஒச்சம்மாள்தான் அன்றைக்கே பேர் வைத்தாள்: வெள்ளக்காரி. "ஏ வெள்ளக்காரி, இங்கிலீசுல ரெண்டு வார்த்தை பேசுடி," என்று கேலி பேசாத நாள் கிடையாது. சூப்பர்வைசர் ஆறுச்சாமிகூட, "வெள்ளக்கார தொரசானி இன்னிக்கு லேட்டுங்களா?" என்பார். விஜயராணிக்குச் சிரிப்பும் வரும், கூச்சமும் வரும். நாக்கைப் பழக்கிக்கொண்டாள். தண்ணி, தண்ணி, தண்ணி. மைக்குக்கு வந்து ஆறு மாசத்தில் ஒருநாளும் பிசகியதில்லை.

அன்றைக்குப் பிசகியது. மகள் நதியாவுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. அஸ்பெஸ்டாஸ் கூரையில் வழிந்த மழைத்தண்ணீரைத்தான் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தாள். அதில் துரு வாசனை. குடித்த பிள்ளை குடித்தபடியே வெளியே விட்டது. இன்றைக்குக் குழாய் வராவிட்டால் பிள்ளையை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்ற நினைப்பிலேயே அவளுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. மூணரை மணிக்கு இன்டர்காம் கத்தியது.

"கண்ணு! தண்ணி வந்துருச்சு! சும்மா பொங்கிட்டு வருது, சித்தெ சீக்கிரம் சொல்லிப்போடு!" நல்லானின் குரலிலேயே குதியாட்டம் இருந்தது.

விஜயராணி பட்டனை அமுக்கினாள். ஒட்டியிருந்த தாளைப் பார்க்கவே இல்லை. தாளையா பார்ப்பாள், பெற்ற வயிறு! சந்தோஷம் வந்தால் மனுஷருக்குப் பிறந்த ஊர்ப் பேச்சுதான் வரும்.

"எல்லாரும் கேளுங்க! வெள்ளம் வந்துட்டு! வேகம் இறங்கி வாங்க, வெள்ளம் வந்துட்டு, நல்லாப் பொங்கி..."

கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது, ட்யூப்லைட் செத்தது, மேலே முந்நூறு மெஷினும் ஒரே மூச்சில் நின்றன. மழைக்காலத்தில் கரண்ட் போவது புதுசில்லை, ஜெனரேட்டர் போட இரண்டு நிமிஷம் ஆகும். சரி, காதில் விழுந்திருக்கும் என்று அவள் தன் குடத்தை நினைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் தலைக்கு மேலே தடதடவென்று ஓட்டம். அடேயப்பா, தண்ணீர் என்றால் என்ன ஓட்டம் ஓடுகிறார்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பிறகு எத்தனையோ நாள் அவளுக்கு உடம்பு கூசியது.

மேலே இருட்டுக்குள் யாரோ ஒருத்தன் கத்தியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "கொளச்சக்காரி சொல்றாடா! சுனாமியக் கண்ணுல பாத்தவ சொல்றா, ஓடுங்க!"

இரண்டாம் மாடியில் முந்நூறு பேர். கீழே வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளை நினைத்து எல்லாரும் இறங்கத்தான் ஓடினார்கள். இறங்க ஒரு படிக்கட்டு. பின்பக்கம் இன்னொன்று உண்டு, ஆனால் அதன் ஷட்டர் நாலு மாசமாகப் பூட்டிக் கிடந்தது. யாரோ பின்வழியாகப் பீஸ் பண்டலை இறக்கி விற்கிறார்கள் என்று சந்தேகம். சாவி கந்தவேலின் இடுப்பில், கந்தவேல் பேங்கில். பாதிப் பேர் பின்பக்கம் ஓடி, ஷட்டரில் முட்டி, அடித்து, உலுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி முன்பக்கம் வந்தார்கள். முன்பக்கத்துக் கூட்டம் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் அவர்கள்மேல் மோதினார்கள்.

ஜெனரேட்டர் வெளிச்சம் வந்தபோது படியின் திருப்பத்தில் ஒற்றைச் செருப்புகளும் கிழிந்த துப்பட்டாக்களும் சாப்பாட்டுத் தூக்குகளும் கிடந்தன. சுவரோரம் ஏழெட்டுப் பேர் முழங்காலையும் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எல்லாருக்கும் அடியில் இருந்தவள் ஒச்சம்மாள். இடது கால் வேறு யாருடைய காலோ என்கிற மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. விஜயராணி ஓடிப்போய் அவள் தலையை மடியில் எடுத்தாள்.

"ராணி, நீ ஏன் தாயி நிக்கிற? ஓடு. பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓடு," என்றாள் ஒச்சம்மாள். பல் கிட்டிக்கொண்டது. "தண்ணி எது வரைக்கும் வந்துருச்சு?"

"எந்தத் தண்ணி அக்கா?"

"நீதானடி மைக்குல சொன்ன. வெள்ளம் வந்துருச்சுன்னு."

விஜயராணிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் வாயில் வந்த சொல் மறுபடி தன் காதிலேயே கேட்டது. "மாதாவே," என்றாள்.

ஆட்கள் ஒச்சம்மாளை வேனில் ஏற்றியபின் அவள் குவார்ட்டர்சுக்கு ஓடினாள். முப்பது வீட்டிலும் ஒரு சனம் இல்லை. கதவெல்லாம் திறந்து கிடந்தது. குழாய் தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. நடு முற்றத்தில் நதியா மட்டும் ஒரு எவர்சில்வர் சொம்பைக் குழாய்க்கு அடியில் வைத்து, நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். "அம்மா, வெள்ளம் வந்துட்டுன்னு நீ சொன்னது கேட்டுச்சு. எல்லாரும் மாடிக்கு ஓடிட்டாவ. நான் புடிச்சேன்," என்றது பிள்ளை. அந்தோணிராஜுக்குக் கட்டிங் மெஷின் சத்தத்தில் மைக்கே கேட்டிருக்கவில்லை. அந்தக் கம்பெனியில் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அந்த ஏழு வயசுதான்.

குவார்ட்டர்ஸ் கூரையில் இருந்த ஒலிபெருக்கியின் வாய் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதனால் சத்தம் கம்பெனியோடு நிற்கவில்லை. வெள்ளம் என்பது இரண்டு தெரு தாண்டியதும் அணை உடைப்பாகிவிட்டது. பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேரும்போது அந்த அணைக்கு ஒரு பேரும் கிடைத்துவிட்டது. ஓடையோரத்து ஜனங்கள் கோழி, ஆட்டுக்குட்டி, டி.வி. பெட்டியோடு கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் ஏறி நனைந்துகொண்டு நின்றார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஓடை ஓடை மாதிரியே இருப்பதைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். இறங்கினவர்களுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. அதற்குள் யார் வீட்டிலோ மிக்சி காணோம், யாருடையதோ அரைப்பவுன் தோடு காணோம்.

அவ்வளவுதான், ஊர் வாய்க்கு மெல்ல அவல் கிடைத்துவிட்டது. ஊட்டைக் காலி பண்ணவெச்சுத் திருட ஆள் செட்டப் பண்ணியிருக்காங்க என்றார்கள் டீக்கடையில். எதிர்க் கம்பெனிக்காரன் காசு கொடுத்து ஷிப்மெண்டைக் கெடுத்துவிட்டான் என்றார்கள் பேக்கிங்கில். இரண்டு நாளில் போக வேண்டிய சரக்கு, பாதி அட்டைப்பெட்டி மிதிபட்டு ஈரமாகிக் கிடந்தது. தீபாவளி போனஸ் குறைந்ததற்குச் சங்கத்துக்காரர்கள் பண்ணின வேலை என்று வேறு சிலர். 'சொல்லி வெச்ச மாதிரி கரண்டும் போச்சே, அது எப்படி?' என்ற கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. கரண்ட் ஊர் முழுக்கத்தான் போனது. அதை யாருக்கும் நினைக்கத் தோன்றவில்லை. உள்ளூர் கேபிள் டி.வி.யில் படத்துக்குக் கீழே எழுத்து ஓடியது: 'வெள்ள வதந்தி பரப்பிய பெண் யார்? பின்னணியில் யார்?'

அன்று சாயங்காலம் முதலாளி கிட்டுசாமி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு போனாள். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"கண்ணு, நீ ரெண்டு நாளைக்கு ஊட்டுலயே இருந்துக்கோ. சனம் வெளிய ஒரு மாதிரி பேசுது. போலீஸ்ல வேற கம்ப்ளெய்ண்ட் ஆயிப்போச்சு. நாம பாத்துக்கலாம், போ சாமி."

"மொதலாளி, நான் தண்ணி வந்ததைத்தான் சொன்னேன். எங்க ஊருல..."

"அதெல்லாம் விசாரணையில சொல்லிக்கலாம் கண்ணு. போ."

வீட்டில் அந்தோணிராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டிங்கில் அவனிடம் ஒருத்தரும் பேசவில்லையாம். சாயங்கால டீயைக்கூட அவன் வரிசைக்கு வந்ததும் தீர்ந்துவிட்டது என்றார்களாம்.

"எடி, ஒனக்க வாயில வேற வார்த்தையே வரலியா?" என்றான். கேட்ட மாத்திரத்தில் அவனுக்கே பொறுக்கவில்லை. எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நம்ம ஊரா இருந்தா ஆளாளுக்குக் கொடத்தத் தூக்கிட்டு ஓடி வந்திருப்பாவ."

"கடலு வந்தா நாம கடலு கேறிட்டுன்னுல்லா சொல்லுவோம்," என்றாள் விஜயராணி. "வெள்ளம்னா குடிக்கியது. இதச் சொன்னா அவியளுக்கு மனசிலாகாதா?"

"கேஸப் போட்டாம்னா ஜெயிலு. பிள்ளைய என்ன செய்யட்டு நான்?" என்றான் அவன். நதியா நல்ல தண்ணீர் குடித்து வயிறு அடங்கித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கந்தவேல் வந்தார். வாசலில் குடையை மடக்கி, உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். விஜயராணி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நல்லான் போன் பண்ணினது, பிள்ளைக்கு வயிறு சரியில்லாதது, அந்தச் சொல், கடலுக்குச் சொல்கிற சொல், குடிக்கிறதற்குச் சொல்கிற சொல். அவர் குடைக்கம்பியில் வழிந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் புரியுதும்மா," என்றார் கடைசியில்.

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"புரியறது வேற, சொல்றது வேற." குரலைத் தாழ்த்தினார். "சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரன் கேட்டுக் கேட்டு மெயில் போடறான். நீ வாய் தவறிச் சொல்லிப்போட்டீன்னு நாங்க சொன்னம்னு வெச்சுக்க, அப்ப சனம் ஏன் எறங்க முடியலைன்னு கேப்பான். ஷட்டர்ல வந்து நிக்கும். ஷட்டர்ல வந்து நின்னா எங்கிட்ட வந்து நிக்கும். எனக்கும் ரெண்டு கொழந்தைக."

"அதுக்கு நான் என்ன சார் செய்யணும்?"

"நாளைக்கு விசாரணையில, யாராச்சும் சொல்லச் சொன்னாங்கன்னு ஒரு பேரச் சொல்லிரு. நீ அறியாப் பொண்ணு, மெரட்டினாங்க, சொல்லிட்டேன்னா உன்னய விட்டுருவாங்க. வேலையும் இருக்கும், ஊடும் இருக்கும். இசக்கிமுத்து போனசுக்கு அந்தக் குதி குதிச்சானே, உங்க பக்கத்து ஆளுதானே?"

இசக்கிமுத்து பவர்டேபிள் டெய்லர், வள்ளியூர்க்காரன். நெரிசலில் இரண்டு பெண்களைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினவன். விஜயராணி நிலைப்படிக்கு நெருங்கி வந்தாள். "அது பொய்யில்லா சார். நான் எப்படிப் பொய் சொல்லுவேன்? நடந்தத நடந்தபடி சொல்லிருதேன். பொய் சொன்னாத்தான் மாட்டணும்."

கந்தவேல் அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நடந்ததைச் சொன்னால் நம்ப ஒரு சாட்சி வேண்டும். ஒச்சம்மாளைவிடப் பெரிய சாட்சி யார்? பேர் வைத்தவளே அவள்தான். விஜயராணி முக்காட்டைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கம்பெனி செலவில் தனியார் ஆஸ்பத்திரி. ஒச்சம்மாளின் காலில் கயிறு கட்டிக் கட்டிலுக்கு வெளியே எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைக்க வேண்டுமாம்.

இவளைப் பார்த்ததும் ஒச்சம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "காசு வாங்கிட்டுச் சொன்னியாமுல்ல. எம்புட்டுடி குடுத்தாக?"

"அக்கா, நீங்களுமா?" விஜயராணி கட்டிலோரம் குனிந்தாள். "குழாயில வெள்ளம் வந்ததத்தான் சொன்னேன்க்கா. குடிக்கிய வெள்ளம். எனக்க வாயில அப்பிடி வந்துட்டு."

ஒச்சம்மாள் மெல்லத் திரும்பினாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு காலுக்குப் போய், "ஆத்தாடி, அய்யோ," என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகவே வந்தன.

"அடிப் பாதகத்தி! தண்ணிக்கா? குடிதண்ணிக்கா நான் கால ஒடிச்சுக்கிட்டேன்? வெள்ளக்காரின்னு உனக்குப் பேர் வச்சதே நான்தானடி. ஒரு நிமிசம் எனக்கே தோணாமப் போச்சே!"

"அதச் சொல்லுங்கக்கா. நாளைக்கு விசாரணை. உங்களை எல்லாருக்கும் தெரியும், உங்க பேச்சக் கேப்பாங்க."

ஒச்சம்மாளின் சிரிப்பு நின்றது. தன் இடதுகைக் கட்டைவிரலை எடுத்துப் பார்த்தாள். மை இன்னும் போகவில்லை. "நேத்து ராத்திரியே கம்பெனி ஆளுக வந்துட்டாக புள்ள. மைக்குல வெள்ளம்னு பொய்யாச் சொன்னதாலதான் விழுந்தேன், கம்பெனி மேல ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதிக் கொண்டாந்தாக. கைநாட்டு வச்சாத்தான் ஆப்பரேசன்னாக. வலியில கையக் குடுத்துட்டேன் தாயி."

விஜயராணி அவளைத் திட்டவில்லை. எப்படித் திட்டுவாள்? தன் முந்தானையால் அந்த விரலைத் துடைத்துவிட்டாள். கொஞ்சமும் போகவில்லை. "கால் சரியானாப் போதும்க்கா," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்கள் இரண்டு பேர், வெள்ளம் என்று கத்தினவள் பாகிஸ்தான் பக்கமாம் என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

விசாரணை கம்பெனியிலேயே, கிட்டுசாமியின் ஏ.சி. அறையில் நடந்தது. ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டாம், பொம்பளைப் பிள்ளை என்று முதலாளிதான் கேட்டுக்கொண்டாராம். எஸ்.ஐ. முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து காராபூந்தி தின்றுகொண்டிருந்தார். ஓரத்தில் ஏட்டு ஒருவர் மடியில் அட்டை வைத்து எழுதத் தயாராக இருந்தார். விஜயராணி நின்றாள். அந்தோணிராஜை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

நல்லானை முதலில் கேட்டார்கள். "குழாயில தண்ணி வந்துருச்சுன்னு சொன்னேனுங்க. வேற ஒண்ணும் சொல்லலீங்க," என்றார். அது உண்மை. பிறகு ஆறுச்சாமி. விஜயராணிக்கு அவரைப் பார்த்ததும் தெம்பு வந்தது.

"சார், இந்த அண்ணன்கிட்டக் கேளுங்க. நான் வெள்ளம்னு பேசி இவரே கேலி பண்ணியிருக்காரு."

எஸ்.ஐ. அவரைப் பார்த்தார். "ஏம்ப்பா, இந்தப் பொண்ணு தண்ணிய வெள்ளம்னு சொல்லிக் கேட்டிருக்கியா?"

ஆறுச்சாமி முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஒரு டீ கிளாசை எஸ்.ஐ. பக்கமாக நகர்த்திவைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

"இல்லீங்க," என்றார் ஆறுச்சாமி. "அது நல்ல தமிழ்தாங்க பேசும். அதனாலதானுங்க மைக்கே குடுத்தது."

சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டே போனார். ஆனாலும் விஜயராணியிடம் இன்னும் உண்மை மிச்சமிருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா," என்றார் எஸ்.ஐ. "குழாயில குடிதண்ணிதான் வந்திருக்குன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார். நல்லான் அண்ணன் சொன்னாங்க."

"ஆத்துல வெள்ளம் கிள்ளம் ஒண்ணும் ஊருக்குள்ள வரலைன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"யாராச்சும் மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களா? பேரு இருந்தாச் சொல்லு."

கந்தவேல் சுவரோரம் நின்று தன் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லலை சார். நானாத்தான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"வெள்ளம் வந்துட்டுன்னு சொன்னேன். எங்க ஊருல வெள்ளம்னாத் தண்ணி சார். அதையும் எழுதுங்க சார்."

எஸ்.ஐ. சிரித்தார். கோபமாகச் சிரிக்கவில்லை, பொறுமையாகத்தான் சிரித்தார். "உங்க ஊருல என்னவோ சொல்லிட்டுப் போங்க. மைக்கு எங்க இருக்கு? திருப்பூருல. திருப்பூருல வெள்ளம்னா வெள்ளந்தான். ஏட்டய்யா, பொண்ணு சொன்னத மட்டும் எழுதுங்க. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

ஏட்டு எழுதினார். எழுதி முடித்துத் தாளை அவள் கையில் கொடுத்தார். "படிக்கத் தெரியுமில்ல? படிச்சுப் பாரு. பொறவு படிச்சுக் காட்டலைன்னு சொல்லக் கூடாது."

விஜயராணி வாசித்தாள். கோயிலில் வாசிக்கிற மாதிரி உதடு அசைந்தது.

'குழாயில் குடிநீர் மட்டுமே வந்துள்ளது என்பதும், ஊருக்குள் வெள்ளம் ஏதும் வரவில்லை என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், யாருடைய தூண்டுதலும் இன்றி, நானாகவே, வெள்ளம் வந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன்.'

திரும்ப வாசித்தாள். எங்கேயோ ஒரு பொய் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டிவிட்டால் போதும். மூன்றாம் தரம் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனாள். வந்துட்டு என்று சொன்னதை வந்துவிட்டது என்று திருத்தமாக எழுதியிருந்தார்கள். அதைத் தவிர எல்லாம் அவள் சொன்னதுதான்.

"இதுல நீ சொல்லாதது ஏதாச்சும் இருக்குதா? இருந்தா இப்பவே சொல்லிரும்மா," என்றார் எஸ்.ஐ.

"இல்ல சார்," என்றாள்.

கிட்டுசாமி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் பக்கமாக நீட்டினார்.

"இந்தா கண்ணு."